எட்டுப் பேர் பார்த்த கானமயில்

அந்த அம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அவரை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்காதவர்கள்தான் முதலில் போன் செய்து, "அவங்க அப்படி இல்லையே சார்" என்பார்கள். எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தில் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. நான் ஓய்வு பெற்றவன். போன் வந்தால் எடுத்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அவர் மும்பையில், செம்பூரில் தனியாக இருந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். கிழக்குப் புறநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமை டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றார். உயரம் குறைவு, குரல் பெரிது. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார். கேட்பதற்குச் சின்னக் குணமாகத் தெரியும். நம் ஆட்களுக்கு நடுவில் இதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள், எத்தனை பேர் உங்களோடு பேச மிச்சம் இருக்கிறார்கள் என்று தெரியும்.

பாண்டுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உப்பளங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் சங்கத்தார் வரிசையில் நின்றோம். கையில் வைத்துப் பார்க்கும் பைனாகுலர் எல்லோரிடமும் இருக்கும். தூரத்துப் பறவைக்கு முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி வேண்டும். அது ஒன்றே ஒன்று, செயலாளருடையது. செயலாளர் மாட்டுங்காக்காரர், வங்கியில் பெரிய நாற்காலியில் இருந்து இறங்கியவர், ஆறடி உயரம். முக்காலியும் ஆறடி ஆளுக்கென்றே நிற்கும். ஒரு திருகைத் தளர்த்தினால் அது இறங்கும். அவர் தளர்த்தி யாரும் பார்த்ததில்லை.

தூரத்து மின்கோபுரத்தின் உச்சியில் புள்ளிக் கழுகு உட்கார்ந்திருப்பதாக அறிவித்தார். வரிசை நகர்ந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு."

"நகருங்கோ. அடுத்தவா வாங்கோ. ஆச்சா?"

"ஆச்சு சார், பிரமாதம்."

இந்த 'ஆச்சு' எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய கோயில்களில் சன்னிதிக்கு முன்னால் நமக்குக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் பிடரி. வெளியே வந்து "நல்ல தரிசனம்" என்கிறோம். அதில் தப்பில்லை, சாமி நம்மைப் பார்த்தால் போதும் என்பது ஏற்பாடு. கழுகுக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. ஆனால் வரிசையில் பின்னால் ஆள் நின்றாலே நம் வாய் தானாக 'ஆச்சு' என்றுவிடுகிறது. தாமதித்தால் மரியாதைக் குறைவு. தெரியவில்லை என்றால் காட்டியவருக்கு அவமானம்.

அந்த அம்மாவின் முறை வந்தது. நுனிக்காலில் நின்று கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை. பின்னால் இரண்டு பேர் தொண்டையைச் செருமினார்கள்.

"ஆச்சா சிஸ்டர்?"

"இருங்க சார்."

"பெரிய கழுகு சிஸ்டர். கறுப்பா உக்காண்டிருக்கு பாருங்கோ."

"கறுப்பாத்தான் இருக்கு. ரெண்டு கைப்பிடியும் இருக்கு."

"என்னது?"

"பை சார். பிளாஸ்டிக் பை. காத்துல உப்பி நிக்கு."

அவருக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கழுகைப் பார்த்தாயிற்று. ஒருவர் அலகின் வளைவைப் பற்றிப் பேசவும் செய்திருந்தார். செயலாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "இப்பதான் பறந்து போயிருக்கும்" என்றார். கழுகு எழுந்து போனதும் அதே இடத்தில் ஒரு பை வந்து உட்கார்ந்தது என்பதுதான் சங்கத்தின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. இன்றுவரை அது திருத்தப்படவில்லை.

'சிஸ்டர்' என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரீயும் இல்லை. ஆஸ்பத்திரி, கிறிஸ்தவர் என்ற இரண்டையும் கூட்டிச் செயலாளர் கண்ட விடை அது. "நான் நர்ஸ் இல்ல சார், லேப்" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். "ஆமாமாம் சிஸ்டர்" என்பார் செயலாளர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் என் உத்தியோகம். அரசுத் தணிக்கையில் ஆயுளைக் கழித்தவன் நான். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கண்டுபிடித்ததும் அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

அவருடைய உத்தியோகத்திலும் அதே கதைதான். ஒரு மழைக்காலத்தில், மலேரியா வார்டில் கால் வைக்க இடமில்லாத நாட்களில், ஒரு டாக்டர் லேபுக்கு வந்து நின்றாராம். நோயாளிக்கு எல்லா அறிகுறியும் இருக்கிறது, இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் மட்டும் வேண்டும்.

"ஸ்லைட மூணு தடவ பாத்துட்டேன் டாக்டர். கிருமி இல்ல."

"இருக்குன்னு வெச்சுக்கோங்க."

"வெச்சுக்கிட்டு? நாளைக்கு நீங்க அதுக்கு மருந்து குடுப்பீங்க. இல்லாத கிருமி எப்படிச் சாவும்?"

மறுவாரம் அவரை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்த மாற்றல் உத்தரவு எந்தெந்த விதிகளுக்கு முரணானது என்று பின்னாளில் நான் அவருக்கு வரிசையாகச் சொன்னேன். மேல்முறையீடு செய்திருந்தால் ஒரே விசாரணையில் ரத்தாகியிருக்கும். அவர் சிரித்தார். "தேவையே படல சார். கிடங்குல என்னென்ன இல்லன்னு நான் சொல்ல ஆரம்பிச்சேன். அவங்களே திரும்ப லேபுக்கு அனுப்பிட்டாங்க."

இதை வைத்து அவரை ஒரு புனிதையாக்கிவிடக் கூடாது. அவரோடு இருப்பது எளிதான காரியமல்ல. காட்கோபரில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் பேத்திக்குப் பெயர் சூட்டு விழா. குழந்தையை இவர் கையில் கொடுத்து, "அப்படியே எங்க அம்மா ஜாடை, இல்லையா?" என்று கேட்டார் தாத்தா. தாத்தாவின் அம்மா போய்ச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே இருந்த எல்லோரும் ஆமாம் என்றோம். இவர் குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்படித் தெரியல சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு இவர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. வெளியே வந்து கேட்டேன், ஆமாம் என்றால் என்ன குறைந்துவிடும் என்று. "அவரு கேட்டாரு, நான் பாத்தேன். கேக்காம இருந்திருக்கலாம்லா?" என்றார்.

சபையிலும் சண்டை. தாராவியில் அவர்கள் போகும் சர்ச்சில் பெண்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். ஜுரத்தில் கிடந்தபோது கர்த்தரைக் கண்டேன், கால்மாட்டில் நின்றார் என்று. இவர் பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் இருக்கிறார், ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை. பாஸ்டர் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டிருக்கிறார். "நம்புதேன் பாஸ்டர், முழு மனசா நம்புதேன். பாக்கல. அது வேற, இது வேற" என்றாராம். இதை அவர் என்னிடம் சொன்னது மாட்டுங்கா ஸ்டேஷன் நடைமேடையில், கையில் வடாபாவோடு. சொல்லிவிட்டு, "நீங்க பாத்திருக்கியளா?" என்று கேட்டார். நான் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

இப்படிப்பட்டவர் ஒரு பறவையை மட்டும் ஆசைப்பட்டு விரட்டினார். கானமயில். மனிதன் இடுப்பளவு உயரத்தில் புல்வெளியில் நடக்கும் பறவை. நம் நாட்டில் இப்போது விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. தக்காணத்தில் ஒரு புல்வெளிக்குக் குளிர்காலம்தோறும் தனியாக ரயிலேறிப் போய், காவலாளி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பார்க்காமல் திரும்புவார். ஒருமுறை அந்தக் காவலாளியே கெஞ்சியிருக்கிறார். இவ்வளவு தூரம் வந்தீர்கள், பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போங்கள், எங்களுக்கும் நல்லது என்று. எங்களுக்கு என்றால் யாருக்கு? பறவை இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே வந்ததால்தான் அது இல்லாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

கொரோனாவுக்கு முந்தைய வசந்தத்தில் சங்கம் ஸ்பெயினுக்குப் போனது. தென்மேற்கே எஸ்த்ரமதூரா என்ற பகுதியில் கழுகுகளும், நம் கானமயிலுக்கு ஐரோப்பிய உறவுக்காரர்களும் இன்னும் இருக்கின்றன. ஒன்பது பேர் பெயர் கொடுத்தோம். விசா வேலை முழுவதும் என் தலையில். யார் எந்தச் சான்றிதழை எந்த அளவில் எடுத்து வர வேண்டும், யார் எந்த நாளில் போய்க் கைரேகை வைக்க வேண்டும் என்று மற்ற ஏழு பேருக்கும் இரண்டிரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு ஒருமுறை போதும். விசா மையத்துக்கு வெளியே நிழலில் நின்றபோது, அவராகவே சொன்னார்: "கண்ணுல குளுக்கோமா சார். பார்வ ஓரத்துலருந்து சுருங்கிட்டு வருது. டாக்டர் ரெண்டு வருசம்ங்காரு, மூணு வருசம்ங்காரு. அதுக்குள்ள ஒண்ண பாத்துரணும்." இரக்கத்துக்கு இடம் கொடுக்காத குரல். ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார், பிறகு மற்றவர்களிடமும் அப்படியே.

முதல் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்களை வேனில் கூட்டிப்போனவள் அந்த ஊர்ப் பெண்; அவளே வண்டி ஓட்டினாள், அவளே வழிகாட்டி. ஆற்றங்கரைப் பாறைகளில் பிணந்தின்னிக் கழுகுகள் சாப்பாட்டுப் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருந்தன. அவர் பைனாகுலரை இறக்கி, "பாத்தேன்" என்று உரக்கச் சொன்னார். செயலாளர் கைதட்டினார். "சிஸ்டரே சொல்லிட்டா." சர்ச் கோபுரத்தில் கூடு கட்டியிருந்த நாரைகள், காளைச் சண்டை மைதானத்து ஓட்டு இடுக்கில் குடும்பம் நடத்தும் சின்ன வல்லூறுகள், எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்ததைப் பார்த்தேன் என்றார். அவரை எதற்கும் இல்லை என்று சொல்லும் பேர்வழியாக ஊரில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மூன்றாம் நாள் விடியலில் புல்வெளி. தட்டையான நிலம், தூரத்தில் மட்டும் ஒரு லேசான மேடு, கணுக்கால் உயரப் புல், நடுநடுவே மஞ்சள் பூ, வானம்பாடிகளின் விடாத கத்தல். ஒரு விவசாயியின் சொந்த நிலம் அது. வழிகாட்டிப் பெண் நாங்கள் இறங்குவதற்கு முன்பே சொன்னாள்: வேனையும் இந்தக் கல்சுவரையும் தாண்டிப் போகக் கூடாது. ஆண் பறவைகள் இந்த மாதத்தில் ஆடும். நடந்து வரும் மனித உருவத்தைப் பார்த்தால் போதும், கலைந்துவிடும். கலைந்தால் இந்த வருடத்துக்கு அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் நமக்கு உலக அளவில் இடம் உண்டு.

சுவருக்குப் பின்னால் செயலாளர் தன் முக்காலியை நிறுத்தினார், ஆறடிக்கு. தூரத்துச் சரிவில் சில பழுப்புப் புள்ளிகள். அதில் ஒன்று திடீரென்று வெளுத்தது.

"ஆடறது, ஆடறது. வாங்கோ சீக்கிரம். ஆச்சா?"

"ஆச்சு."

"ஆச்சா?"

"அடேயப்பா. ஆச்சு."

வழிகாட்டிப் பெண் அப்போது அங்கே இல்லை. வாசல் கேட்டருகே விவசாயி தன் ஜீப்பில் வந்து நின்றதால் அவனோடு பேசப் போயிருந்தாள். எட்டுப் பேருக்கு ஆனபின் அவர் நுனிக்காலில் ஏறினார். புள்ளிகள் அதற்குள் சரிவின் மடிப்புக்குப் பின்னால் போய்விட்டன.

"புல்லுதான் சார் தெரியுது."

"அங்கதான் இருக்கு சிஸ்டர். இப்பதானே எல்லாரும் பாத்தோம்."

"இருக்கும். மேட்டுக்குப் பின்னால போயிருக்கும். காத்திருந்து பாக்கேன்."

"எட்டு மணிக்கு பிரேக்ஃபாஸ்ட். அப்புறம் கோட்டை. அப்புறம் அந்த சீஸ் ஃபேக்டரி. எவ்வளவு நேரம் காத்துண்டிருக்க முடியும்? பாத்ததா வெச்சுக்கோங்கோளேன்."

"வெச்சுக்கிட முடியாது சார்."

"இவ்வளவு தூரம் வந்து ஒருத்தருக்கு மட்டும் ஆகலைன்னா எனக்கு மனசு கேக்குமா?" இதைச் சொல்லும்போது செயலாளரின் குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்றோடு அவரை மறந்திருப்பேன். "இருங்கோ சிஸ்டர். நான் அந்தப் பக்கம் சுத்திப் போறேன். அதுகள் இந்தப் பக்கம் வரும். உங்களுக்கு நேரா, தலைக்கு மேலயே வரும்."

"வேண்டாம் சார். அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? போவாதீங்க."

"உங்களுக்காகத்தான் போறேன்."

"எனக்கு வேண்டாம்ங்கேன்."

நான் செயலாளரின் கையைப் பிடித்தேன். "சார், அனுமதி இந்தச் சுவர் வரைக்கும்தான். தாண்டினால் அத்துமீறல். அந்தப் பெண்ணுக்குத் தொழிலே போகும்." அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். சட்டம் தெரிந்தவர்களை விலக்குவதற்கு என்றே ஒரு புன்னகை வங்கிக்காரர்களிடம் உண்டு. கேமரா வைத்திருந்த இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சுவரைத் தாண்டி நடந்தார். ஆறடி உயரம். அந்தத் தட்டை நிலத்தில் அதைவிட உயரமாக வேறு எதுவும் இல்லை.

பறவைகள் எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, கனத்த இறகோசையோடு, செயலாளர் சொன்ன மாதிரியே எங்கள் பக்கம் வந்தன. கழுத்து நீட்டி, வெள்ளைச் சிறகு விரித்து, வேனுக்கு நேர் மேலே. எல்லோரும் அண்ணாந்தார்கள். கேமராக்கள் படபடவென்று அடித்தன. அத்தனை பெரிய பறவையை அத்தனை அருகில் நான் அதற்குமுன் கண்டதில்லை. பக்கத்தில் திரும்பினேன். அவர் சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார்.

"மேடம், மேலே போகுது. தலையை நிமிர்த்துங்க."

அவர் திறக்கவில்லை. இறகோசை தலைக்கு மேல் கடந்து, தேய்ந்து, வானம்பாடிகள் மட்டும் மிஞ்சும்வரை அப்படியே இருந்தார்.

செயலாளர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "ஆச்சா சிஸ்டர்?"

"இல்ல."

"என்ன இல்ல? தலைக்கு மேல போச்சே."

"கண்ண மூடிக்கிட்டேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அகம்பாவம் என்றார் ஒருவர். இதற்கா இவ்வளவு செலவு செய்து வந்தது என்றார் இன்னொருவர். "இது என்னம்மா வீம்பு" என்றார் செயலாளரின் மனைவி, கொஞ்சம் பயந்த குரலில். அவர் எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "தொரத்திட்டு வந்தத எனக்குப் பாக்க வேண்டாம்" என்றார்.

வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் வந்த விவசாயி அவளிடம் ஏதோ சொன்னான். அவள் முகத்திலிருந்து, இனி அவளுக்கும் அந்தக் கேட் திறக்காது என்று புரிந்தது. செயலாளர் அவளிடம் போய் இங்கிலீஷில் விளக்கினார், கண் சரியில்லாத ஒரு பெண்மணிக்காகச் செய்தது என்று. அவருக்காக. தன் செய்கைக்குக் காரணத்தை அந்த அம்மாவின் தலையில் இறக்கி வைத்துவிட்டு, பிரேக்ஃபாஸ்டுக்கு நேரமாகிறது என்றார்.

அன்று மாலை விடுதிக் கூடத்தில் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் சுற்றி வந்துகொண்டிருந்தபோது வழிகாட்டிப் பெண் அந்த அம்மாவிடம் வந்து குனிந்து ஏதோ கேட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்ட கதை அவள் காதுக்கும் போயிருந்தது. அவளுடைய சித்தப்பாவின் நிலத்தில் ஒரு சிறிய மறைவிடம் இருக்கிறதாம். ஓர் ஆள்தான் உட்காரலாம். நாளை விடிவதற்கு முன் கூட்டிப்போகிறேன், வருகிறீர்களா என்று. அவர் தட்டை வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

செயலாளர் எழுந்தார். "அது முடியாது. குரூப்பா வந்திருக்கோம். குரூப் விசா, குரூப் இன்சூரன்ஸ். தனியா போய் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பொறுப்பு? ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கே."

காலையில் சுவரைத் தாண்டியவர் மாலையில் விதி பேசினார். நான் என் தட்டைக் கீழே வைத்தேன். "குரூப் விசா கிடையாது சார். ஒன்பது பேருக்கும் தனித்தனி விசா. ஒன்பது பேரையும் தனித்தனியாகக் கைரேகை வைக்கக் கூட்டிப்போனவன் நான். இன்சூரன்ஸும் தனித்தனி. வழிகாட்டியோடு போவது அதில் அடக்கம், பக்கம் வேண்டுமானால் காட்டுகிறேன். பயணத்திட்டத்தில் நாளை விடியலுக்கு எந்த நிகழ்ச்சியும் இல்லை. நீங்கள் சொல்லும் விதி எதில் இருக்கிறது?"

"ஒரு கட்டுப்பாடுன்னு..."

"எதில் இருக்கிறது சார்?"

அவர் ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் வாழ்நாளில் ஆட்சேபணை ஒன்று அவ்வளவு சீக்கிரம் கைவிடப்பட்டதில்லை.

மறுநாள் நாங்கள் பெட்டிகளை வேன் வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கார் வந்து நின்றது. அதிலிருந்து வழிகாட்டிப் பெண்ணும் அவரும் இறங்கினார்கள். முழங்கால் வரை பனி ஈரம். செயலாளர் கேட்டார்.

"ஆச்சா சிஸ்டர்?"

"பாத்தேன்."

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போட்டோ?"

"எடுக்கல சார். கண்ணுக்கே நேரம் போதல."

செயலாளர் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "அப்போ சங்கத்துக் கணக்குல சேர்க்க முடியாதே. ஒருத்தர் மட்டும் பாத்து, படமும் இல்லைன்னா ஏத்துக்கறதில்லையே. உங்களை நம்பலைன்னு இல்ல. நடைமுறை அப்படி."

நடைமுறை உண்மையில் அப்படித்தான். அதனால்தான் எனக்குத் தலை சுற்றியது. பிளாஸ்டிக் பையைக் கழுகு என்று பார்த்த வரிசைக்குச் சாட்சி பலம் இருக்கிறது. பார்க்காததைச் சொல்லாமல் ஒரு வாழ்க்கையையே வாழ்ந்தவரின் ஒரு சொல்லுக்கு இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவர், "விடுங்க சார், வண்டி கெளம்புது" என்று ஏறிவிட்டார்.

வேன் ஊரைத் தாண்டியதும் செயலாளரின் மனைவிதான் திரும்பி, சத்தமில்லாமல் கேட்டார். "எப்படி இருந்ததும்மா?"

அவர் சொன்னார். "மொதல்ல கழுத்து மட்டும் தெரிஞ்சிது. ஆண். மூஞ்சில ரெண்டு பக்கமும் வெள்ளையா மீச. நடந்து வந்து நின்னுது. அப்புறம் வால தூக்கி முதுகு மேல மடக்கிச்சு. செறக ரெண்டையும் பெரட்டிச்சு. துவைக்கதுக்கு முந்தி சட்டைய உள்பக்கம் வெளிய வார மாதிரி திருப்புவோம்லா, அப்படி. உள்ள பூரா வெள்ள. கழுத்த ஊதி, தலைய அதுக்குள்ள புதச்சிட்டு. அப்புறம் பறவையே தெரியல. சோப்பு நுரையக் கூட்டி வெச்ச மாதிரி ஒரு வெள்ளப் பந்து. நின்ன எடத்துலயே நடுங்குது."

பின் இருக்கைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை அணைத்தார். அவர் யாரையும் பார்க்காமல், கையால் காற்றில் அளவு காட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

"ஒரு பொட்ட வந்துது. சின்னது. பக்கத்துல வந்து, அந்த வெள்ளையையே பாத்துக்கிட்டு நின்னுது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துது. அப்ப சூரியன் மேட்டுக்கு மேல ஏறி நேரா கண்ணுல அடிச்சிட்டு. என் கண்ணுக்கு அது ஆகாது. தண்ணியா கொட்டிச்சு. தொடச்சிட்டுப் பாத்தா, ரெண்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டு."

"அப்புறம்? சேர்ந்துதா?"

"தெரியல. பாக்கல."

ஏமாற்றத்தில் யாரோ ச்சு கொட்டினார்கள். முன் இருக்கையிலிருந்து செயலாளர் முழுதாகத் திரும்பினார். "சேர்ந்திருக்கும். அது எப்படின்னா, பெண் பறவை சுத்தி வரும், ஒரு தடவை, ரெண்டு தடவை. ஆண் அப்போ இன்னும் உப்பும். பெண் மெதுவா கழுத்தைத் தாழ்த்தும். அதுதான் சம்மதம்." நேரில் நின்று பார்த்தவர் போலக் கைகளை விரித்துக் காட்டினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் சந்தேகம் கேட்டார். செயலாளர் விளக்கினார். இன்னொருவர், அது எவ்வளவு நேரம் நடக்கும் என்று கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் சாய்ந்தேன். "அப்படியெல்லாம் நடக்கல, பொய் சொல்லாதேன்னு சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா போதும்."

"எப்படி சார் சொல்லுவேன்?" என்றார். "நடக்கலன்னு நான் பாத்தேனா?"

முன் இருக்கையில் பெண் பறவை இரண்டாவது முறையாகக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தது.